இது பங்க் ஆகாது

மாம்பழத்தை நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தால் வாயில் போடாமல், "இது செந்தூராவா, பெங்களூராவா, இல்லை நாட்டு மரத்தில் ஒட்டுக்கட்டினதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்து, துண்டுகள் கறுத்து ஈ மொய்க்கும்வரை விசாரணையை முடிக்காத மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழத்துக்கும் பஞ்சமில்லை, இவர்களுக்கும் பஞ்சமில்லை. இந்த இனத்துக்கு வகைபிரிப்பாளர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

வகைபிரிப்பாளர் சாப்பாட்டில் உண்டு, சாமியில் உண்டு. சாதியில் அவர்கள் அடிக்கிற கூத்தைச் சொல்ல இந்த இடம் போதாது. பாட்டில் இருக்கிறவர்தான் எல்லோரிலும் மோசம். ஏன் என்கிறீர்களா? சாப்பாட்டுக்காரர் எப்படியும் கடைசியில் சாப்பிட்டுவிடுவார், சாமிக்காரர் கும்பிட்டுவிடுவார். பாட்டுக்காரர் மட்டும் கேட்கவே மாட்டார்.

நம்பாவிட்டால் மத்திகிரிக்கு வாருங்கள், குருமூர்த்தியைக் காட்டுகிறேன். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் சீனியர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. செய்து முடித்த சரக்கு எதுவானாலும் டேக் கட்டாமல் ஓர் அடி நகரக் கூடாது. பச்சை டேக் என்றால் போகலாம், சிவப்பு என்றால் குப்பை, இரண்டும் தெரியாவிட்டால் மஞ்சள். மஞ்சள் டேக் விழுந்த சரக்கு கம்பிவலைக் கூண்டுக்குள் போய்விடும். அது என்ன என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்கிறவரை யாரும் அதைத் தொடக் கூடாது. நல்ல வழக்கம். பிரேக் வயருக்கு அப்படித்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஆள் செத்துப்போவான். குருமூர்த்தியின் கோளாறு என்னவென்றால், சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது தொப்பியையும் ஷூவையும் கழற்றுகிறவர், அந்த டேக் கட்டை மட்டும் கையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அவர் பாட்டுக் கேட்கிற அழகைப் பார்க்க வேண்டும். இஸ்திரி போட்ட கறுப்பு டீ-சர்ட். கண்கள் மூடியிருக்கும். வலது கை ஆட்காட்டி விரல் மட்டும் உயர்ந்து நிற்கும்; அது தாளத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள், பக்கத்தில் இருப்பவன் வாயைத் திறக்காமல் இருப்பதற்காக. இயர்போன் ஒரு காதில்தான். மறு காது தன் பேச்சைத் தானே கேட்பதற்கு. பாட்டு பாதி ஓடுவதற்குள் கண்ணைத் திறந்து, "பேசிக்கா..." என்று, அதாவது 'அடிப்படையில் பார்த்தால்' என்று ஆரம்பிப்பார். குருமூர்த்தி 'பேசிக்கா' என்று சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் நாற்காலி தேடி உட்கார்ந்துவிடுவது உத்தமம்.

இவர் ஒருவரே இருந்திருந்தால் ஊர் தாங்கியிருக்கும். பாம்புக்குப் புற்று கிடைத்த மாதிரி இவருக்கு வாட்ஸப்பில் ஒரு குரூப் கிடைத்தது, 'ஓசூர் ராக் இசை ஆய்வு வட்டம்' என்று. அதில் இவருக்கு நேர் எதிரி ஒருவர்: பாகலூர் ஹரீஷ்குமார், இன்னொரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவு, வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், சண்டையில் மட்டும் தமிழ். இரண்டு பேருக்கும் நடுவே சமாதானம் பேச அருள்ஜோசப். அவர் சமாதானம் பேசிப் பேசியே பல சண்டைகள் பெரிதாகியிருக்கின்றன. மற்றவர்கள் கட்டைவிரல் காட்டுகிற கூட்டம்.

ஒரு நாள் இந்தக் குரூப்பில் கிங்ஸ்டன் என்கிற பையன் ஒரு பாட்டைப் போட்டான். இவன் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். குழுவின் பெயர் 'ரிஜெக்ட் லாட்'. வாசிப்பது பங்க். பங்க் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம்: கிதாரில் மூன்று கார்டு பிடிக்கத் தெரிந்து, நெஞ்சு நிறையக் கோபம் இருந்து, பாட்டு வாத்தியாரிடம் போகப் பொறுமை இல்லாத பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடுவது. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கக் குருமூர்த்திகள் அடித்துக்கொள்கிறார்கள்.

பாட்டைப் பாடியது ஒரு பெண். பாடினாள் என்பதைவிடக் கத்தினாள் என்பது சரி:

'குளிக்கற ரூம்புல கொழா ஒழுகுது,
கொழம்பு கொதிக்குது, டிவி கத்துது,
பேசறேன் பேசறேன், யாரு காதுல வுழுது?
ஸ்குரூ முறுக்குன கையி இப்ப மைக்கு புடிக்குது,
ஞாயித்துக்கெழம பஸ்ஸு ஏறறேன்,
நிறுத்தணும்னா இப்பச் சொல்லு!'

நடுவில் இரண்டு வரி கன்னடம், ஒரு வசவு தெலுங்கு. மொத்தப் பாட்டும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

பாடியது யார் என்று உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்து விளையாட இது துப்பறியும் கதை இல்லை. பாடியது சௌமியா. குருமூர்த்தியின் ஒரே மகள். செல்போன் பாகங்கள் பூட்டுகிற கம்பெனி ஒன்றில் லைனில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், வேலையை விட்டாயிற்று. பெங்களூருக்குப் போய் வீடு எடுத்துத் தங்கி இந்தக் குழுவோடு பாடுவது என்று முடிவும் செய்தாயிற்று. இத்தனை நாள் ஓ.டி. என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் ரிகர்சல். அப்பாவிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அவர் விரலைத் தூக்குவார் என்று அவளுக்குத் தெரியும். அப்பா ஆசையாய் உட்காருகிற இடம் பாட்டு ஒன்றுதானே, அதிலேயே சொல்லிவிடுவோம், பெற்ற மகள் குரல் தெரியாமலா போகும், கூப்பிட்டு ஏதாவது கேட்பார், திட்டினாலும் சரி என்று எண்ணித்தான் கிங்ஸ்டனை அந்தக் குரூப்பில் போடச் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை 'போகாதே' என்று சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாளா? எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை 'நல்லா இருக்கு' என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பாள் என்று மட்டும் தெரியும்.

குருமூர்த்தி பாட்டைக் கேட்டார். விரல் உயர்ந்தது. அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ருக்மணிக்கு, போனிலிருந்து வந்த சத்தத்தில் கை அப்படியே நின்றது.

"ஏங்க, இது நம்ம பாப்பா கொரலாட்டம் இல்ல?"

"பேசிக்கா, பங்க்ல பாடற எல்லாப் பொம்பளைங்க கொரலும் அப்பிடித்தான் இருக்கும். அது ஒரு ஸ்டைல். நீ பூண்டைப் பாரு."

"குளிக்கற ரூம்பு கொழா ஒழுகுதுன்னு பாடறாளே. நம்மூட்டுக் கொழாவும்..."

"அது குறியீடு."

அந்தக் குறியீடு பின்கட்டில் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி ருக்மணி கேட்டபோதெல்லாம், ஒழுகல் வாஷரால் வருகிறதா, மரையால் வருகிறதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்று குருமூர்த்தி விளக்கியிருந்தார்.

ருக்மணி அன்றே மகளைத் தனியாகப் பிடித்துக் கேட்டுவிட்டாள். அழுதாள், ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தாள், இரண்டு நாள் கழித்துப் பழைய பெட்டியை இறக்கித் துணி மடித்துவைக்க உதவினாள். "உங்கப்பா கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு" என்றாள்.

"சொல்லிட்டேன்மா. தெனமும் கேட்டுகினுதான இருக்கறாரு. நீ எதுவும் சொல்லாத. காதுல வுழுதான்னு பாக்கறேன்."

குருமூர்த்தி தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பேஸ் கிதாரைத் தனியாகக் கேட்டார், டிரம்ஸைத் தனியாகக் கேட்டார். வேகத்தைப் போனில் அளந்தார். பிறகு வட்டத்தில் அறிவித்தார்: 'இது பங்க் ஆகாது. பேஸில் மெலடி இருக்கிறது. மெலடி வந்தால் போஸ்ட்-பங்க். ஆனால் டிரம்ஸில் சர்ச் கொயர் வாசனை அடிக்கிறது. முடிவாகும்வரை இந்தப் பாட்டு ஹோல்டில் இருக்கும். உறுப்பினர்கள் யாரும் லைக் போட வேண்டாம்.'

ஹரீஷ்குமார் விடுவாரா? 'அல்லா சார், இவ்ளோ கத்தினா அது ஹார்ட்கோர். சும்னே போஸ்ட்-பங்க்னு சொல்லாதீங்க' என்று கன்னடம் கலந்த தமிழில் குரல் பதிவு அனுப்பினார். அருள்ஜோசப், 'ரெண்டையும் சேத்து போஸ்ட்-ஹார்ட்கோர்னு வெச்சுக்கலாமே' என்று சமாதானம் சொன்னார். அப்படி ஏற்கெனவே வேறொரு வகை இருக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து அவரைக் கிழித்தார்கள். ஒருவன் புதிதாக வந்தவன், உலகம் தெரியாதவன், 'பாட்டு சூப்பர், அழுகை வந்துச்சு' என்று எழுதிவிட்டான். அழுகைக்கும் வகைக்கும் சம்பந்தமில்லை என்று அவனுக்குப் பாடம் எடுக்கப்பட்டது. பையன் குரூப்பை விட்டே போனான். பிழைத்தான்.

பிறகு மொழிச் சண்டை. தமிழில் பாடினால் தமிழ்ப் பங்க். நடுவில் கன்னடம் வந்தால்? தெலுங்கில் திட்டினால்? "மூணு பாஷையக் கலந்தா எந்த டிரேல போடறது?" என்று குருமூர்த்தி கேட்டார். இதைக் கேட்டவர் காலையில் பால்காரரிடம் கன்னடத்தில் பேசிவிட்டு, சூப்பர்வைசரிடம் இங்கிலீஷில் பேசிவிட்டு, தெலுங்குக்காரர் கடையில் கடன் சொல்லிவிட்டு வந்தவர். ஓசூரில் பிறந்த நாய்கூட மூன்று பாஷையில் குரைக்கும். பாட்டு மட்டும் ஒரே டிரேயில் உட்கார வேண்டும்!

ஒரு நாள் சாப்பிடும்போது சௌமியாவே கேட்டாள்.

"அப்பா, அந்த ரிஜெக்ட் லாட் பாட்டு கேட்டீங்களா?"

"உனக்கு எப்பிடித் தெரியும் அதெல்லாம்?" குருமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. மகளுக்கும் ரசனை வந்துவிட்டது. "கேட்டேன். பேசிக்கா அந்தப் பேரே தப்பு. லாட்டுன்னா ஒரே நேரத்துல ஒரே மெஷின்ல வந்த சரக்கு. இவங்க நாலு கம்பெனிப் பசங்க."

"புடிச்சிருந்துச்சா?"

"புடிக்கறது புடிக்காதது எல்லாம் அப்பறம் பாப்பா. மொதல்ல அது என்னான்னு தெரியணும்ல?"

சௌமியா தட்டைப் பார்த்தாள். அந்தப் பொண்ணு என்னவோ சொல்லுதே, அது காதில் விழுந்ததா என்று கேட்டாள். "பாட்டு வரியா? வழக்கமான அந்நியமாதல்" என்றார் குருமூர்த்தி, ரசத்தை உறிஞ்சிக்கொண்டே. அவள் எழுந்து கை கழுவப் போனாள். ருக்மணி அவருக்கு மறுசோறு போடவில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெங்களூருக்குப் போவதற்கு முன்னால் ரிஜெக்ட் லாட் உள்ளூரில் ஒரு முறை பாடிவிட்டுப் போவதாக ஏற்பாடு. பாகலூர் ரோட்டில், வார விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த ஒரு வெல்டிங் ஷெட்டில், மாலையில். வட்டத்துக்கும் அழைப்பு. காலையிலேயே சௌமியா கேட்டாள், "அப்பா, சாயங்காலம் வருவீங்கல்ல?"

"வராம? எங்க மீட்டிங்கே அங்கதான்" என்றார். உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை.

ஷெட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. வட்டம் அங்கே கூடியது. வகை முடிவாகாமல் உள்ளே போவதில்லை என்பது குருமூர்த்தியின் நிபந்தனை. உள்ளே போய்க் கேட்டால் தலை ஆடும், கால் ஆடும், கை தட்டத் தோன்றும், தீர்ப்பு சாய்ந்துவிடும். ஹரீஷ்குமார் எதிரியானாலும் இந்த விஷயத்தில் ஒத்துப்போனார். வகைபிரிப்பாளர்கள் எதில் அடித்துக்கொண்டாலும், பாட்டைக் கேட்காமல் இருப்பதில் ஒற்றுமையாக இருப்பார்கள்.

வாதம் சூடுபிடித்த நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள் ருக்மணி. பட்டுப்புடவை, தலையில் பூ.

"ஏங்க, நான் உள்ள போறேன். வாங்களேன் சேந்தே போலாம்."

"நீயா? உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

ருக்மணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சும்மாத்தான்" என்றாள்.

"போ, போ. காது வலிச்சா வெளிய வந்துடு."

அவள் போனதும், குடும்பப் பெண்கள் பங்க் கேட்க வருவது கேட்போர் சமூகத்தில் நடக்கும் ஒரு முக்கியமான மாற்றம் என்று ஹரீஷ்குமாருக்கு விளக்கினார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வெல்டிங் ஷெட்டுக்குப் போகிற பெண்டாட்டியைப் பார்த்த மனிதனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை, பாருங்கள்.

கிங்ஸ்டன் ஷெட்டிலிருந்து ஓடிவந்தான். "அங்கிள், ஸ்டார்ட் பண்ணப் போறோம். உள்ள வாங்க."

"ஒரு நிமிஷம் தம்பி."

"இல்ல அங்கிள், பாடறவங்க உங்களுக்காகத்தான் வெயிட் பண்றாங்க. நீங்க வந்தாத்தான் ஆரம்பிப்பேன்றாங்க."

குருமூர்த்தி வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். கேட்டீர்களா, குழுவே என் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறது என்கிற பார்வை. அந்தக் கணம் அவர் கால் தரையில் இல்லை. "அவங்களை ஆரம்பிக்கச் சொல்லு தம்பி. நான் முடிவோட வர்றேன்" என்றார். கிங்ஸ்டன் திரும்பிப் போனான்.

தகரச் சுவரைத் தாண்டிச் சத்தம் ரோட்டுக்கு வந்தது. பேக்கரிக் கண்ணாடி அதிர்ந்தது. லாரி டிரைவர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கேட்டார். அது என்ன வகை என்று அவர் யாரையும் கேட்கவில்லை. வட்டத்துக்கோ இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. "அந்தக் கதவைச் சாத்துப்பா!" என்று குருமூர்த்தி பேக்கரிக்காரரிடம் கத்தினார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே தீர்ப்பு தயாரானது: 'பங்க் சார்ந்தது, ஆனால் பங்க் ஆகாது.' ஹரீஷ்குமார் கடைசியில் ஒப்புக்கொண்டார். அவருக்குப் பசி.

வெற்றிவீரராக ரோட்டைக் கடந்து ஷெட்டுக்குள் போனார் குருமூர்த்தி. பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் இருந்தார். எல்லோரும் கிளம்பியாயிற்று என்றார். பாதகமில்லை, குரூப்பில் போட்டுக்கொள்ளலாம். பாப்பாவுக்குப் பிடிக்குமே என்று முட்டை பப்ஸ் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

ருக்மணி டவுன் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். பூ வாடியிருந்தது, கண் வீங்கியிருந்தது.

"பாப்பா எங்க? பப்ஸ் ஆறுது."

"பஸ் ஏத்திட்டு வர்றேன். பெங்களூருக்கு."

"பெங்களூருக்கா? யாரைக் கேட்டு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

"சொன்னா. பாட்டாவே சொன்னா. நீங்கதான் ஊரைக் கூட்டி வெச்சு அது பாட்டான்னு பஞ்சாயத்து பண்ணிகினு இருந்தீங்க." ருக்மணி வாடிய பூவைத் தலையிலிருந்து உருவினாள். "புள்ள மைக்கைக் கையில வெச்சுகினு வாசப்படியையே பாத்துகினு நின்னுதுங்க. எத்தினி நேரம் நின்னுது தெரியுமா?"

குருமூர்த்தி போனை எடுத்தார். பாட்டைப் போட்டார். முதல் முறையாக இரண்டு காதிலும் கேட்டார். குழாய் ஒழுகியது, குழம்பு கொதித்தது, டிவி கத்தியது; அவர் வீடு, அவர் மகள். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து அலறிய அதே குரல், 'நிறுத்தணும்னா இப்பச் சொல்லு' என்று கூப்பிட்டது. பாட்டு முடிந்தபோது அவருக்கு முகமெல்லாம் நனைந்திருந்தது. அந்த ஆட்காட்டி விரலால் மகளை அழைத்தார்.

"சொல்லுங்கப்பா." பின்னால் பஸ் இரைச்சல்.

"பாப்பா... பாட்டு கேட்டேன்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவள் கேட்டாள். "புடிச்சிருந்துச்சாப்பா?"

எவ்வளவோ இருந்தது சொல்ல. உன் குரல் எனக்குத் தெரியாமல் போயிற்றே பாப்பா, திரும்பி வா, இல்லை போ, நல்லா பாடு, நான் ஒரு முட்டாள் என்று நெஞ்சுக்குள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு தொண்டைவரை வந்தன. வாய்க்குத்தான் ஒரே வழி பழக்கம்.

"பங்க்தாம்மா" என்றார். "நான் தப்பாச் சொல்லிட்டேன். சுத்தமான பங்க். குரூப்ல எல்லாருக்கும் சொல்லிடறேன்."

"சரிப்பா" என்றாள் சௌமியா. "அத்திப்பள்ளி பார்டர் வந்துடுச்சு. வெக்கறேன்."

பாவம் என்கிறீர்களா? எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. தன்னிடம் இருந்ததிலேயே பெரிய சொத்தை அந்த மனிதர் மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், அது அவளுக்கு எதற்கும் ஆகாது என்று தெரியாமல். ஆனால் அவர் சொன்ன சொல் தவறாமல் குரூப்பிலும் எழுதினார். உடனே ஹரீஷ்குமாரிடமிருந்து பதில் வந்தது: 'ஆதாரம்?' குருமூர்த்தி கண்ணைத் துடைத்தார், மூக்கைச் சிந்தினார், தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொண்டு, 'பேசிக்கா...' என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். அதோடு என் இரக்கமும் தீர்ந்தது.

நல்லவேளை, நாமெல்லாம் அந்த இனம் இல்லை. இதைப் படிக்கும்போது, இது கதையா, கட்டுரையா, எதில் சேர்ப்பது என்று உங்களுக்கு ஒரு தரம்கூடத் தோன்றியிருக்காது. தோன்றியதா? போகட்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் வீட்டில் யாரோ உங்களிடம் வந்து ஏதோ சொன்னார்கள், நீங்களும் நிமிராமல் "ம்" என்றீர்கள். என்ன சொன்னார்கள்?